தூக்கம் வரவில்லையா? பழக்கத்தை மாற்றித் தூக்கத்தை மீட்கும் வழி, படிப்படியாக

தூக்கம் கெட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள், எப்போது ஆரம்பித்தது என்பதைத் தெளிவாகச் சொல்வார்கள். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த வாரம், பெண் கல்யாணத்துக்கு வட்டிக்குப் பணம் புரட்டிய சமயம், கம்பெனியில் ஆட்குறைப்பு என்று பேச்சு அடிபட்ட மாதம். இப்போது அப்பா தெருமுனை வரை நடந்துபோய் வருகிறார், கடனும் பாதிக்கு மேல் அடைந்துவிட்டது, வேலையும் போகவில்லை. தூக்கம் மட்டும் போனது போனதுதான்.

காரணம் ஒழிந்த பிறகும் தூக்கமின்மை ஏன் நிற்கிறது? ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் சொன்ன விளக்கம்தான் இன்றைக்கும் சிகிச்சைக்கு அடிப்படை. ஒருவருக்கு இயல்பாகவே லேசான தூக்கமும், எதையும் மனசில் போட்டுக் குடையும் சுபாவமும் இருக்கலாம், அது ஒன்று. ஒரு சம்பவம் வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது, அது இரண்டு. மூன்றாவது, கெட்ட தூக்கத்தை ஈடுகட்ட நாமே செய்யத் தொடங்கும் காரியங்கள். ஒன்பது மணிக்கே போய்ப் படுப்பது, விடிந்த பிறகும் இன்னும் கொஞ்சம் என்று புரண்டுகொண்டிருப்பது, மதியம் ஒரு மணி நேரம் கண்ணயர்வது, ராத்திரி நாலு தடவை மணி பார்ப்பது. சம்பவம் ஓய்ந்துவிடும். இந்த மூன்றாவது வருஷக்கணக்கில் தொடரும், தூக்கமின்மையையும் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கும்.

சுபாவத்தை மாற்றுவது கடினம், நடந்ததை மாற்றவே முடியாது. மூன்றாவதை மாற்றலாம். அதற்கென்றே உருவான முறைக்குத் தூக்கமின்மைக்கான அறிதல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர்; டாக்டர்கள் சிபிடி-ஐ என்று சுருக்கிச் சொல்வார்கள். நாட்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் முதலில் கொடுக்க வேண்டிய சிகிச்சை இதுதான் என்று 2016-இல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் பரிந்துரைத்தது. ஐரோப்பிய நெறிமுறைகளும் அதையே சொல்கின்றன. நம் ஊரிலோ மருந்துக்கடை மாத்திரை தெரிந்த அளவுக்கு இது யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இதில் உண்மையான ஆதங்கம் உண்டு, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாகத் தூக்கம் சரியில்லை, அதனால் பகலும் கெடுகிறது என்றால் அதை நாட்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். நீங்கள் அந்தக் கணக்கில் வந்தால் மேலே படியுங்கள்.

தொடங்கும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள்

பலத்த குறட்டை விடுகிறீர்கள், நடுவில் மூச்சு நின்று திணறி எழுவதாக வீட்டில் சொல்கிறார்கள், எவ்வளவு தூங்கினாலும் காலையில் தலை கனக்கிறது என்றால் அது தூக்கத்தில் மூச்சடைப்பாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சையே வேறு. படுத்தவுடன் கால்களில் ஏதோ ஊர்வது போல இருந்து, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் அதையும் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவால் அது வருவதுண்டு. தைராய்டு, தீராத வலி, சர்க்கரையாலோ ப்ராஸ்டேட்டாலோ ராத்திரி திரும்பத் திரும்பச் சிறுநீர் கழிக்க எழுவது, இவற்றையும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

கீழே நான்காவது படியாக வரும் படுக்கை நேரக் குறைப்பைச் சிலர் தாங்களாகச் செய்யவே கூடாது. இருதுருவ மனநோய் (பைபோலார்) உள்ளவர்கள், வலிப்பு வருகிறவர்கள், தூக்கத்தில் நடக்கிறவர்கள், கர்ப்பிணிகள், பஸ் லாரி ஓட்டுகிறவர்கள், கண்ணசந்தால் கை போய்விடக்கூடிய இயந்திரத்தில் வேலை செய்கிறவர்கள். தூக்கக் குறைவு வலிப்பையும், இருதுருவ நோயில் மனக்கிளர்ச்சியையும் தூண்டிவிடக்கூடியது. இவர்கள் மற்ற படிகளைச் செய்யலாம், அதை மட்டும் டாக்டர் மேற்பார்வையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தூக்கமின்மையோடு சேர்ந்து வருகிறதென்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு இப்போதே யாரிடமாவது பேசுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணைக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926.

தூக்கம் எப்படி வருகிறது

1982-இல் அலெக்சாண்டர் போர்பேய் என்ற ஆய்வாளர் தூக்கத்தை இரண்டு விசைகளாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று தூக்க அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும், சேரச் சேரக் கண் சொருகும். தூங்கும்போது அது கரையும். மதியம் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு ராத்திரி பத்துக்குப் படுப்பது, சாயங்காலம் ஒரு தட்டு பஜ்ஜியை முடித்துவிட்டு இரவுச் சோற்றுக்கு உட்காருவது மாதிரிதான்; பசி இருக்காது.

இன்னொன்று உடம்பின் கடிகாரம். கண்களுக்குப் பின்னால், மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஒரு சின்ன நரம்புக் கொத்து இதை ஓட்டுகிறது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். செல்களுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 2017-இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஒருநாள் ஐந்தரைக்கு, மறுநாள் எட்டுக்கு என்று எழுந்தால் இந்தக் கடிகாரத்துக்கு எது காலை என்றே தெரியாமல் போகும்.

இந்த இரண்டுக்கும் மேலே உட்கார்ந்திருப்பது மனம். உடம்பு தயாராக இருந்தாலும், ஏதோ ஆபத்து என்று மனம் நினைத்துவிட்டால் விழிப்புதான் ஜெயிக்கும். அந்த ஆபத்து கடன்காரராக இருக்கலாம். சில மாதம் தூங்காமல் கிடந்தவருக்கு, இன்னைக்கும் தூக்கம் வராதோ என்ற பயமே ஆபத்தாகிவிடுகிறது. ஹாலில் டிவி பார்த்தபடி சாய்ந்த நிலையிலேயே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவருக்கு, எழுந்து கட்டிலுக்குப் போய்ப் படுத்தவுடன் கண் பளிச்சென்று திறந்துகொள்ளும். இதை நீங்கள் அனுபவித்திருந்தால் சிக்கல் எங்கே என்று தெரிந்துவிட்டது. புரண்டு, கவலைப்பட்டு, மணி பார்த்த அத்தனை இரவுகளும் சேர்ந்து, இந்தக் கட்டில் விழித்திருக்கும் இடம் என்று உங்கள் மூளைக்குப் பாடம் நடத்தியிருக்கின்றன. கற்றுக்கொண்டதை மறக்கவும் வைக்கலாம்.

உடம்பில் என்ன நடக்கிறது, அதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது

2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் கைக்கருவி கட்டி அளந்துவிட்டு, மூக்கில் ஜலதோஷ வைரஸைச் சொட்டு மருந்தாக விட்டுப் பார்த்தார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களை விட, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. 1999-இல் சிகாகோவில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்தது. மனநலப் பக்கம் பார்த்தால், தூக்கமின்மை உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது.

இதைச் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு இந்த எண்களை நினைத்துக்கொண்டு படுத்திருந்தால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். சிகாகோ இளைஞர்களை நான்கு மணி நேரத்துக்கு மேல் படுக்கவே விடவில்லை. உங்களுக்குப் படுக்கையில் நேரம் இருக்கிறது, தூக்கம் துண்டு துண்டாக வருகிறது, இரண்டும் ஒன்றல்ல. அதோடு, தூக்கமின்மை உள்ளவர்களில் பலர் தாங்கள் தூங்கிய நேரத்தை உண்மையை விடக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பொட்டுக்கூடத் தூங்கவில்லை என்று சொல்லும் இரவிலும் பல துண்டுத் தூக்கங்கள் இருக்கும். இந்த எண்களைப் பகலில் படித்து, சரி செய்துகொள்ள வேண்டிய விஷயம் என்று எடுத்துக்கொண்டால் போதும்.

முதல் படி: ஒரு நோட்டு

ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், எதையும் மாற்றாமல் எழுதி மட்டும் வையுங்கள். காலையில் எழுந்தபின் குத்துமதிப்பாக எழுதினால் போதும், ராத்திரி மணி பார்த்துக் குறிக்க வேண்டாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

"செவ்வாய். 9.30க்குப் படுத்தேன். 11 போலத் தூங்கினேன். 2.30க்கு முழிப்பு, 4 வரை தூக்கம் இல்லை. 6க்கு முழிப்பு, 6.30க்கு எழுந்தேன். மதியம் சாப்பிட்டு முக்கால் மணி நேரம் ஈஸிசேர். சாயங்காலம் 5 மணிக்குக் காபி."

இதில் படுக்கையில் இருந்தது ஒன்பது மணி நேரம். தூங்கியது மூன்றரையும் இரண்டும், ஆக ஐந்தரை. ஐந்தரையை ஒன்பதால் வகுத்தால் 61 சதவீதம். இதைத் தூக்கத் திறன் என்கிறார்கள். 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நன்று. இந்தப் பெரியவர் தினம் மூன்றரை மணி நேரம் படுக்கையில் விழித்துக்கொண்டு, விழித்திருக்கவே பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார்.

எழுதத் தொடங்கியதும் சிலருக்கு வியப்பாக இருக்கும்: தினமும் இல்லை, வாரத்தில் நான்கு நாள்தான் மோசம், அதிலும் மதியம் தூங்கிய நாட்கள்தான் அதிகம் என்று தெரியவரும்.

இரண்டாம் படி: எழும் நேரத்தை ஆணி அடித்து வைப்பது

எப்போது தூங்குவது என்பது உங்கள் கையில் இல்லை. எப்போது எழுவது என்பது இருக்கிறது. வாரத்தின் ஏழு நாளுக்கும் ஒத்துவரும் ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள், ஐந்தரை என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி எப்படிக் கழிந்திருந்தாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், தீபாவளிக்கு மறுநாளானாலும் ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளிச்சத்துக்கு வாருங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுவது, பால் வாங்கப் போவது, மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, எதுவானாலும் சரி. ஜன்னல் சாத்திய அறையின் டியூப்லைட் இதற்குப் போதாது. மேகமூட்டமான காலைகூட அதை விடப் பல மடங்கு பிரகாசம்.

மதியத் தூக்கத்தை இந்த வாரங்களில் நிறுத்திவிடுங்கள். வெயில் கொளுத்தும் மே மாதத்தில் இது கஷ்டம்தான். முடியவே முடியாது என்கிற வயதானவர்கள் அலாரம் வைத்து இருபது நிமிஷம், அதுவும் மூன்று மணிக்குள் முடித்துக்கொள்ளலாம்.

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மற்ற எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

மூன்றாம் படி: படுக்கையைத் தூக்கத்துக்கே விட்டுக்கொடுப்பது

இதை 1972-இல் வகுத்தவர் ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர். விதிகள் எளிது, கடைப்பிடிப்பதுதான் பாடு.

கண் சொருகும்போது மட்டும் படுக்கைக்குப் போங்கள். களைப்பு வேறு, தூக்கம் வேறு. உடம்பு அசதியாக இருந்து மனசு ஓடிக்கொண்டிருந்தால் அது களைப்பு. படித்த வரியையே திரும்பப் படித்துக்கொண்டிருந்தால், தலை சாய்ந்து சாய்ந்து விழுந்தால் அது தூக்கம். படுக்கையில் தூக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் மட்டும்தான் இடம். போன், வீட்டுக் கணக்கு, சண்டை, ஆபீஸ் வேலை எதுவும் கூடாது.

படுத்துச் சுமார் கால் மணி, இருபது நிமிஷம் ஆகியும் தூக்கம் வரவில்லை, எரிச்சல் ஏறுகிறது என்று தோன்றினால் எழுந்துவிடுங்கள். நேரத்தை மனசாலேயே கணித்தால் போதும். இன்னோர் அறைக்குப் போய், மங்கலான வெளிச்சத்தில் சாதுவான ஒரு வேலை. காய்ந்த துணியை மடிக்கலாம், பழைய வார இதழைப் புரட்டலாம், மறுநாள் பூஜைக்குப் பூத் தொடுக்கலாம். கண் சொருகியதும் திரும்பிப் போய்ப் படுங்கள். வரவில்லையா, மறுபடி எழுந்திருங்கள். நடு இரவில் முழிப்பு வந்தாலும் இதே விதி. முதல் சில இரவுகளில் நாலைந்து தடவைகூட எழ வேண்டியிருக்கும்.

ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் வீடு என்றால் எங்கே எழுந்து போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாயில் படுப்பவர்கள் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்காரலாம். தூக்கம் வந்ததும் மறுபடி விரித்துக்கொள்ளலாம். கட்டில் என்றால் பக்கத்தில் ஒரு நாற்காலி போதும். படுத்த நிலை மாற வேண்டும், அதுதான் முக்கியம். வயதானவர்கள் இருட்டில் தடுமாறாமல் இருக்க வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

நான்காம் படி: படுக்கை நேரத்தைக் குறைப்பது

எல்லாப் படியிலும் கடினமானது இது, அதிகம் பலன் தருவதும் இதுதான். ஸ்பீல்மன் 1987-இல் விவரித்த முறை. தூங்குவதற்கு நேரம் போதவில்லை என்று தவிப்பவரிடம், படுக்கும் நேரத்தைக் குறையுங்கள் என்றால் கோபம்கூட வரும். காரணம் புரிந்தால் மனசு ஒப்புக்கொள்ளும்: குறைத்தால் தூக்க அழுத்தம் ஏறும், ஏறினால் தூக்கம் ஒரே துண்டாக வரும், படுத்தவுடன் தூங்கிய அனுபவம் மூளைக்குத் திரும்பக் கிடைக்கும்.

நோட்டிலிருந்து ஒரு வாரச் சராசரியை எடுங்கள். மேலே சொன்ன பெரியவரின் சராசரியும் ஐந்தரை மணி நேரம் என்றால், படுக்கையில் அவருக்கு அனுமதி அவ்வளவுதான். காலை ஐந்தரைக்கு எழ வேண்டும், ஆகவே நள்ளிரவு பன்னிரண்டுக்குப் படுக்க வேண்டும். அதற்கு முன் எவ்வளவு கண் சொருகினாலும் உட்கார்ந்தபடியோ நடந்தபடியோ சமாளிக்க வேண்டும். சராசரி நாலு மணி நேரம்தான் என்று வந்தாலும் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைக்கவே கூடாது.

வாரம் ஒரு தடவை கணக்குப் பாருங்கள். தூக்கத் திறன் 85 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் படுக்கும் நேரத்தைப் பதினைந்து நிமிஷம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள், அதாவது பதினொன்றே முக்கால். 80க்கும் 85க்கும் நடுவில் என்றால் அப்படியே விடுங்கள். 80க்குக் கீழே என்றால் பதினைந்து நிமிஷம் குறையுங்கள். இப்படி வாரம் பதினைந்து நிமிஷமாகக் கூட்டிக்கொண்டே போய், பகலில் தெம்பாக இருக்கும் ஒரு இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். சிலருக்கு அது ஆறரை மணி நேரம், சிலருக்கு ஏழரை. எட்டு மணி நேரம் என்ற எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

முதல் ஒன்றிரண்டு வாரம் பகலில் தூக்கம் தள்ளும், எரிச்சல் வரும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு இறங்குங்கள். தூக்கம் தள்ளும் நாட்களில் பைக் ஓட்டாதீர்கள், பஸ்ஸில் போங்கள். பரீட்சையோ கல்யாண வேலையோ நெருங்கும் வாரத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள். பாதிப் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னால் எச்சரிக்காமல் விட்டால் முறை பொய்யென்று நினைத்துவிடுவார்கள்.

ஐந்தாம் படி: மனசுக்கு ஒரு நேரம் ஒதுக்குவது

பகல் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பவர்களுக்கு, யாரும் குறுக்கிடாத முதல் நேரம் படுக்கையில்தான் கிடைக்கிறது. அதனால் பாக்கி வைத்த கவலையெல்லாம் அங்கே வந்து நிற்கிறது. அதை விரட்ட முடியாது, முன்னதாகவே கூப்பிட்டுப் பேசிவிடலாம். சாயங்காலம் ஏழு மணிக்குள் கால் மணி நேரம், ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் கவலை, வலப்பக்கம் அதற்கு நாளைக்குச் செய்யக்கூடிய அடுத்த ஒரு சின்னக் காரியம். "பையன் ஃபீஸ்" என்று இடப்பக்கம் இருந்தால், "நாளை பத்து மணிக்கு ஸ்கூல் ஆபீஸில் இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று கேட்க வேண்டும்" என்று வலப்பக்கம். ஒன்றும் செய்ய முடியாத கவலை என்றால் அப்படியே எழுதிவிடுங்கள்.

2018-இல் அமெரிக்காவில் 57 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. படுக்கும் முன் ஐந்து நிமிஷம், பாதிப் பேர் இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள், மற்றவர்கள் செய்து முடித்தவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிஷம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம்.

அப்புறம், படுக்கையில் வரும் அந்த வாக்கியம்: "இன்னைக்கும் தூங்கலேன்னா நாளைக்கு ஒண்ணும் ஓடாது." அதைப் பகலில் எடுத்து வைத்துச் சோதித்துப் பாருங்கள். போன வாரம் தூங்காத மறுநாள் உண்மையில் என்ன நடந்தது? தலை வலித்தது, மதியம் மந்தமாக இருந்தது, ஆனாலும் சமைத்தீர்கள், ஆபீஸ் போனீர்கள், மீட்டிங் முடிந்தது. "நாளைக்குக் கொஞ்சம் அசதியாக இருக்கும், சமாளித்துவிடுவேன்" என்பதுதான் உண்மைக்கு நெருக்கம். இது வெறும் தேறுதல் வார்த்தை இல்லை, உங்கள் நோட்டே அதற்குச் சாட்சி.

சுவர்க் கடிகாரத்தைப் படுக்கையிலிருந்து தெரியாத பக்கம் மாட்டுங்கள், போனை எட்டாத இடத்தில் வையுங்கள். மணி தெரிந்தால் கணக்குப் போடத் தோன்றும்: இப்போது தூங்கினால்கூட நாலு மணி நேரம்தான்! அந்தக் கணக்குப் போட்டுவிட்டு யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

தூங்க வேண்டும், தூங்க வேண்டும் என்று மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஆஸ்திரிய மனநல மருத்துவர் விக்டர் ஃப்ராங்கிளின் சிந்தனையிலிருந்து வந்தது. விளக்கை அணைத்து, வசதியாகப் படுத்து, கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, இன்னும் சற்று நேரம் சும்மா விழித்திருக்கப் போகிறேன் என்று இருங்கள். போனும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். முயற்சியை விட்டவுடன் பதற்றம் இறங்குகிறது, பதற்றம் இறங்கினால் உடம்பு தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

உடம்பு இறுகிக் கிடப்பவர்களுக்கு எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் உருவாக்கிய தசைத் தளர்வுப் பயிற்சி உதவும். பாதத்தை ஐந்து விநாடி இறுக்கி, பதினைந்து விநாடி தளர விடுங்கள். அப்படியே கெண்டைக்கால், தொடை, வயிறு, கைமுஷ்டி, தோள், முகம் என்று மேலே வாருங்கள். முதலில் பகலில் பழகிக்கொண்டு, பிறகு ராத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சில்லறை விஷயங்கள்

காபியில் இருக்கும் காஃபீன் அடினோசினின் இடத்தைப் பிடித்துக்கொண்டு தூக்க உணர்வை மறைக்கிறது. குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகச் சுமார் ஐந்து மணி நேரம். ஐந்து மணிக் காபியில் பாதி பத்து மணிக்கும் உள்ளேதான் இருக்கிறது. டீக்கும் இதே கணக்கு, அளவு கொஞ்சம் குறைவு. மதியம் இரண்டோடு நிறுத்திப் பாருங்கள்.

மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவுத் தூக்கத்தை உடைத்துவிடும். தூங்குவதற்காகக் குடிக்கிறேன் என்று ஆரம்பித்தவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதை நம் குடும்பங்களே பார்த்திருக்கின்றன. படுக்கப் போவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் வெதுவெதுப்பான நீரில் குளிப்பது நல்லது; தோலுக்கு ரத்தம் வந்து உடம்பின் உள்சூடு இறங்க அது வழி செய்கிறது. போனின் நீல வெளிச்சத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், வெளிச்சத்தை விட அதில் வரும் குடும்ப வாட்ஸப் சண்டையும், ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக ஓடும் வீடியோவும்தான் அதிகம் கெடுக்கின்றன.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள்

அல்ப்ரசோலம் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டுவருபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்று இரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் கடும் பதற்றம், முன்னை விட மோசமான தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். எழுதிக்கொடுத்த டாக்டரிடம், படிப்படியாகக் குறைக்க வேண்டும், பழக்க முறையும் செய்கிறேன் என்று சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து போகலாம். டாக்டர் சீட்டு இல்லாமல் பழைய அட்டையைக் காட்டி வாங்குவதை இன்றோடு விடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"என்னங்க, நேத்தாவது தூங்கினீங்களா?" என்று தினம் காலையில் கேட்பது அக்கறைதான். கேட்கப்படுகிறவருக்கோ அது தினசரிப் பரீட்சை முடிவு மாதிரி ஆகிவிடுகிறது. கேட்பதை நிறுத்திவிட்டு, ஐந்தரைக்கு எழுப்பிவிடுங்கள். மதியம் கண் சொருகும்போது கடைக்குக் கூட்டிப்போங்கள். ராத்திரி பன்னிரண்டு வரை விழித்திருக்க வேண்டிய முதல் வாரத்தில் கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்து பேச ஒரு ஆள் இருந்தால் பெரிய உதவி. "சும்மா படு, தானா வரும்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

எவ்வளவு நாளில் சரியாகும், மறுபடி வந்தால்

பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரம் என்று திட்டமிட்டுக்கொள்ளுங்கள். முன்னேற்றம் நேர்க்கோட்டில் வராது. மூன்று நல்ல இரவுக்குப் பிறகு ஒரு மோசமான இரவு வரும், அது தோல்வி இல்லை. நன்றாகத் தூங்குகிறவர்களும் இரவில் சில தடவை லேசாக விழிக்கிறார்கள். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தூக்கச் சுழற்சி முடியும்போது அது இயல்பு. பயமில்லாமல் புரண்டு படுப்பதால் காலையில் அவர்களுக்கு நினைவே இருப்பதில்லை.

வாழ்க்கையில் மறுபடி ஒரு இழப்போ பதற்றமோ வந்தால் தூக்கம் மறுபடி கெடும். அப்போது பழையபடி ஒன்பது மணிக்குப் போய்ப் படுக்கத் தோன்றும். படுக்காதீர்கள். எழும் நேரத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் இரண்டாம் மூன்றாம் படிகளை மட்டும் செய்யுங்கள். பல நேரம் அதுவே போதும்.

எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லை என்றால் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவின் புறநோயாளிச் சிகிச்சை உண்டு. அங்கே போவதால் யாரும் பைத்தியம் ஆகிவிடுவதில்லை. தூக்கமின்மைக்கான சிபிடி-ஐ தெரிந்த உளவியலாளர் இருக்கிறாரா என்று பெயர் சொல்லியே கேளுங்கள். போகும்போது நோட்டை மறக்காமல் எடுத்துப்போங்கள், டாக்டர் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு விடை அதில் இருக்கும்.